புதுச் சட்டையும் 'இனிமேலாவது' என்ற சொல்லும்

கேள்வி: குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்தில் ஆறு ஆண்டுகளாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். என் மையத்தில் நான்கு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அப்பா பெங்களூருவில் பெயின்ட் வேலை செய்கிறார். பணம் அனுப்புவது எப்போதாவதுதான். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். பையன் பத்தரை மணிக்குத்தான் வருவான், பெரும்பாலும் சாப்பிடாமல் வருவான், மற்ற பிள்ளைகளை அடிப்பான். முட்டை போடும் நாளில் பாதியைச் சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்துத் தங்கைக்குக் கொண்டுபோவான். மையத்தில் பொங்கல் வைத்த அன்று, என் கைப்பணத்தில் வாங்கிய புதுச் சட்டையை மற்ற தாய்மார்கள் இருக்கும்போதே அவன் அம்மாவிடம் கொடுத்து, "இனிமேலாவது பையனை நேரத்துக்கு அனுப்பும்மா" என்றேன். அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சில நாள் பாட்டி கொண்டுவந்து விட்டார். இப்போது மூன்று வாரமாகப் பையனே வரவில்லை. "பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள், இவளுக்கு எங்கிருந்து இவ்வளவு ரோஷம்?" என்கிறார் எங்கள் மையத்து ஆயா. உதவி செய்தது தவறா? அவனை எப்படித் திரும்ப வரவழைப்பது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

சட்டை வாங்கியதில் தவறில்லை. ஆறு ஆண்டுகளாக ஒரு மையத்தை நடத்தி, பதிவேடுகளையும் கைபேசிச் செயலியையும் நிரப்பி, எடை பார்த்து, சமையலையும் மேற்பார்வையிட்டு, அதற்குப் பிறகும் ஒரு பையனின் சட்டை கிழிந்திருப்பதைக் கவனிக்க உங்களுக்குக் கண் இருந்திருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, அந்தத் தாயின் கையில் அன்று சட்டையோடு வேறு இரண்டும் சேர்ந்து போயிருப்பது எனக்குத் தெரிந்தது. ஒன்று, சுற்றி நின்ற தாய்மார்களின் பார்வை. மற்றொன்று 'இனிமேலாவது' என்ற சொல். இதுவரை நீ சரியாக இல்லை என்பதை அந்த ஒரு சொல் ஊரறியச் சொல்லிவிட்டது; சட்டை அந்தக் குற்றச்சாட்டுக்குச் சாட்சியாகிவிட்டது. அவர் அந்தச் சட்டையைப் பையனுக்குப் போட்டு அனுப்பியிருந்தால், தினமும் அவன் முதுகில் அந்தச் சொல்லையும் எழுதி அனுப்பியது போலத்தான் இருந்திருக்கும்.

உங்கள் ஆயா சொன்ன பழமொழியை நானும் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். முப்பது ஆண்டுக்கு மேலாக இந்த மாவட்டத்தின் சின்னப் பிள்ளைகளோடும் அவர்களுடைய தாய்மார்களோடும் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன்: பத்தும் பறந்துபோன வீட்டில் கடைசிவரை பறக்காமல் நிற்பது ரோஷம்தான். கையில் வேறு எதுவும் இல்லாதவர் அதை மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

நம் ஊரில் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ போனால் மொய் எழுதுகிறோம்; அவர்கள் அதை நோட்டில் குறித்துவைத்து, நம் வீட்டு விசேஷத்துக்கு வந்து திருப்பிச் செய்கிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூசுகிறோம். ஒரு பிடி கீரையையாவது வைத்துத்தான் அனுப்புகிறோம். திருப்பிச் செய்ய வழியிருக்கும்போது கொடுத்ததற்குப் பெயர் முறை. வழியே இல்லாதபோது பெயர் பிச்சை. உங்கள் சட்டைக்கு ஈடாக அந்தப் பெண் உங்களுக்கு எதைத் திருப்பிச் செய்திருக்க முடியும்? நீங்கள் கேட்ட ஒரே கைம்மாறு, பையனை நேரத்துக்கு அனுப்புவது. அது அவர் கையில் இல்லாத ஒன்று. அதை ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இங்கே இன்னொரு பழைய வலியும் உண்டு. 1989-இல் வட ஆற்காட்டை இரண்டாகப் பிரித்தார்கள்; 2019-இல் வேலூரை மூன்றாக்கினார்கள்; ஆனால் குடியாத்தம், பேர்ணாம்பட்டு, காட்பாடிப் பகுதிகளில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களுக்கு அதனால் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில், மருத்துவச் செலவுக்கோ சாவுச் செலவுக்கோ பீடி ஏஜென்டிடம் முன்பணம் வாங்கிய வீட்டிலிருந்து ஒரு பிள்ளை அவரிடம் வேலைக்குப் போகும். கடன் தீரும்வரை காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்து பீடியின் முனையை மடிக்கும். அந்தக் கடன் எளிதில் தீராது. 1976-இலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்திருந்தது. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பீடி சுற்றுவதில் பிள்ளைகளை அமர்த்தக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு அளித்ததால், சட்டம் வாசல்படியிலேயே நின்றுவிட்டது. இன்று பேரனை உங்கள் மையத்துக்குக் கொண்டுவரும் பாட்டிகளில் எத்தனை பேர் அப்படி உட்கார்ந்து வளர்ந்தவர்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மேலிடத்திலிருந்து ஒரு பொருள் இலவசமாக வந்தால், பின்னாலேயே பிள்ளையைக் கேட்டு ஒரு சொல் வரும் என்பதை இந்தப் பகுதியின் பல குடும்பங்கள் அனுபவத்தில் கற்றவை. நீங்கள் நல்லெண்ணத்தோடு சட்டையைக் கொடுத்து, அடுத்த மூச்சில் பிள்ளையைப் பற்றி ஒரு நிபந்தனை சொன்னீர்கள். அந்த வீட்டில் அது எந்தக் காதால் கேட்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதை நான் புத்திசாலித்தனத்தால் தெரிந்துகொள்ளவில்லை, தோற்றுத்தான் தெரிந்துகொண்டேன். பணிக்கு வந்த இரண்டாம் ஆண்டில், பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில், மெலிந்து கிடந்த ஒரு பெண் குழந்தையின் வீட்டுக்கு மாதாமாதம் ஐந்து கிலோ அரிசி வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் குழந்தையின் தகப்பனார், கொல்லையில் காய்த்த முருங்கைக்காயை ஒரு கட்டாகக் கட்டி என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார். "அய்யோ, எனக்கு எதுக்குங்க இதெல்லாம், நீங்களே வித்து அரிசி வாங்கிக்கோங்க" என்று பெருந்தன்மையோடு திருப்பி அனுப்பினேன். அடுத்த மாதம் நான் அரிசியோடு போனபோது கதவு சாத்தியிருந்தது. அதற்கடுத்த மாதமும் சாத்தியிருந்தது. முருங்கைக்காயை மறுத்தபோது, என் அரிசியை அவர்கள் வாங்குவதற்கு இருந்த ஒரே மரியாதையான வழியை அடைத்துவிட்டேன் என்று புரிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகு எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். இனிப்புத் தூக்கலான டீயை எத்தனை வீட்டில் குடித்திருப்பேன் என்று என் சர்க்கரை அளவைக் கேட்டால் சொல்லும்.

இனி நேரம் தவறுவதைப் பற்றி. அவன் அம்மாவின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முந்தின நாளே இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றிவைக்க வேண்டும். விடிந்ததும் அளவுத் தகட்டை வைத்து ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். வெட்டிய இலை காய்வதற்குள் சுற்ற வேண்டும். ஆயிரம் பீடி என்பது தேர்ந்த கைக்கும் ஒரு முழு நாள் வேலை. சுற்றியதைக் கட்டுக்கட்டாக ஏஜென்டிடம் கொண்டுபோய்க் கணக்குக் கொடுக்கும்போது, சரியில்லை என்று கழித்துப்போடும் பீடிக்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை குறைவாக இருந்தால் கைக்காசில் வாங்கி ஈடுகட்ட வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் மாமியார், கைக்குழந்தை, தண்ணீர் வரும் நேரம். காலை ஒன்பதரை மணி என்பது உங்களுக்கு மையம் திறந்திருக்கும் நேரம். அவருக்கு அது அன்றைய கூலியின் முதல் பாதி. ஒரு காரணம் இதுவாக இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். உங்கள் ஊரில் கணக்குக் கொடுக்கும் நேரம் எது என்று விசாரித்தால் பத்தரை மணிக்கு விளக்கம் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். அதே தெருவிலிருந்து வரும் இன்னொரு தாயோ ஆயாவோ போகிற வழியில் அவனையும் அழைத்துவர முடியுமா என்று ஏற்பாடு செய்வது, நூறு முறை 'நேரத்துக்கு அனுப்பு' என்று சொல்வதைவிடப் பயன் தரும்.

பையனிடம் வருவோம். அவன் அடிப்பதை ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டு முட்டையை அடுத்த வாக்கியத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் முட்டையிலிருந்து தொடங்குவேன். நான்கு வயதில், பசித்த வயிற்றோடு, கையில் இருக்கும் முட்டையில் பாதியைத் தின்னாமல் நிறுத்தி, அது பைக்குள் நொறுங்காமல் வீடுவரை காத்துக்கொண்டுபோவதற்கு எவ்வளவு தன்னடக்கமும் நினைவும் பாசமும் வேண்டும்! நாம் பள்ளிக்கு முந்தைய கல்வி என்று எதையெல்லாம் வளர்க்கப் பாடுபடுகிறோமோ, அவற்றில் பாதி அந்தப் பைக்குள் இருக்கிறது. அதைத் திருட்டு போலப் பிடிக்காதீர்கள். தங்கைக்கு ஆறு மாதம் முடிந்திருந்தால் அவளுக்கு உரிய சத்துமாவு உங்கள் மையத்திலிருந்தே போக வேண்டும். போகிறதா என்று பாருங்கள். அவளுக்கு உரியது அவளுக்குப் போய்ச் சேர்ந்தால், இவன் முட்டையை இவனே முழுதாகச் சாப்பிடுவான்.

அடிப்பதற்குப் பசியும் தூக்கக் குறைவும் பாதிக் காரணம். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. அதனால் இரண்டாம் வகுப்பு அண்ணன் காலையிலேயே உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டிருக்க, அங்கன்வாடித் தம்பி வெறும் வயிற்றோடு வருவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் கிராமத்துக் குழந்தைகள் மையங்களிலும்தானே தொடங்கியது. காலைப் பசியில் மட்டும் ஏன் சின்னவர்கள் பின்னால் நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். அது கிடக்கட்டும். காலையில் உங்களால் எதைக் கொடுக்க முடிந்தாலும், அதை எல்லாக் குழந்தைகளுக்கும் வரிசையாகக் கொடுங்கள். அவனை மட்டும் தனியே கூப்பிட்டு ஊட்டினால், பொங்கல் அன்று தாய்க்கு நேர்ந்தது நாளை பிள்ளைக்கும் நேரும்.

மீதிப் பாதிக் காரணம், நாளை என்ன நடக்கும் என்று தெரியாத வீடு. அப்பா எப்போது வருவார், பணம் வருமா, கடன்காரர் வந்து கத்துவாரா என்று பெரியவர்கள் பதறும் வீட்டில் சின்னப் பிள்ளையின் உடம்பும் எப்போதும் ஓடத் தயாராகவே இருக்கும். அப்படி நீண்ட நாள் இருப்பது அதன் தூக்கத்தையும் கவனத்தையும் கெடுக்கும். அந்தப் பதற்றத்தை ஆற்றுவது, தினமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் ஒரு பெரியவரின் அருகாமை. அவன் பத்தரைக்கு வந்தாலும் பதினொன்றுக்கு வந்தாலும் நீங்கள் அவன் பெயரைச் சொல்லி அதே குரலில் வரவேற்பீர்கள் என்பது அவனுக்கு உறுதியானால், அடிப்பது மெதுவாகக் குறையும். ஒரு வாரத்தில் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஏழைத் தாய்மார்கள் பிள்ளைகளோடு பேசுவதில்லை, அவர்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்ற பேச்சை நம் பயிற்சி வகுப்புகளில்கூடக் கேட்க நேர்கிறது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் பதில் ஜமைக்காவில் நடந்த ஓர் ஆய்வு. 1980-களில் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போனார்கள். அவர்கள் பிள்ளைக்குப் பாடம் நடத்தப் போகவில்லை. தாயோடு உட்கார்ந்து, வீட்டில் தூக்கியெறியும் பொருள்களில் பொம்மை செய்து, பிள்ளையோடு எப்படி விளையாடலாம், பேசலாம் என்று காட்டினார்கள். அவர் செய்ததைப் பாராட்டினார்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த வீட்டுப் பிள்ளைகளின் சம்பாத்தியம் அப்படிப் போகாத வீட்டுப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. துணை உணவை மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் தொடக்கத்தில் தெரிந்த பலன் அவ்வளவு காலம் நிற்கவில்லை. (சோறு வேண்டாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்களோடு எனக்குச் சண்டை உண்டு, பசித்த பிள்ளைக்கு முதலில் சோறுதான்.) என்னைக் கவர்ந்தது வேறொன்று: போனவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர், கொண்டுபோனதும் விலையுள்ள பொருளன்று. தாயின் பக்கத்தில், தாயின் உயரத்திலேயே, வாராவாரம் தவறாமல் போய் உட்கார்ந்தார்கள்.

ஆகவே நீங்களும் போய் உட்காருங்கள். கணக்குக் கொடுக்கும் நேரத்தையும் தண்ணீர் வரும் நேரத்தையும் தவிர்த்து, பிற்பகலில் போங்கள். பதிவேட்டை எடுத்துப் போகாதீர்கள். கையில் எதையும் வாங்கிக்கொண்டும் போகாதீர்கள். இந்த முறை வெறுங்கையோடு போவதுதான் மரியாதை. நாற்காலி போட்டால் மறுத்துவிட்டு, தரையில் அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். சுற்றுவதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அவர் கை வேலை செய்யட்டும். ஏன் அனுப்பவில்லை என்று கேட்காதீர்கள். "அன்னிக்கு நாலு பேர் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்று ஒரே ஒரு முறை சொல்லி நிறுத்துங்கள். விளக்கம் வேண்டாம், நீண்ட மன்னிப்பும் வேண்டாம். நீண்ட மன்னிப்பைக் கேட்பவருக்குச் சமாதானம் சொல்லும் வேலையும் அவர் தலையில்தான் விழும். பிறகு முட்டைக் கதையைச் சொல்லுங்கள், நீங்கள் வியந்த விதமாகவே. தன் பிள்ளையைப் பற்றி வெளியார் ஒருவர் குறை இல்லாமல் ஒரு வாக்கியம் பேசி அவர் கேட்டு எத்தனை நாள் ஆயிருக்குமோ.

அதற்குப் பிறகு அவரிடம் ஒன்றைக் கேளுங்கள். பீடி கட்டும் நூல் தீர்ந்த காலி நூல்கண்டுகள் அந்த வீட்டின் மூலையில் கிடக்கும். பிள்ளைகள் அடுக்கவும் கோக்கவும் எண்ணவும் அவை வேண்டும், சேர்த்துவைத்துக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். உங்கள் மையத்துக்கு உண்மையாகவே அவை தேவைப்படும் என்பதால் இதில் பாசாங்கு இல்லை. கட்டுக்கட்டாகக் கணக்குப் போட்டுப் பழகிய அவருடைய விரலுக்கு இருக்கும் எண்ணறிவு நம்மில் பலருக்கு இல்லை. கேட்கக்கூடிய ஒருத்தியாக அவரை நீங்கள் நடத்தினால், கொடுக்கக்கூடிய ஒருத்தியாக அவர் உங்கள் மையத்துக்குள் வர முடியும்.

பேசிப் பழகிய பிறகு, இரண்டாவது மூன்றாவது முறை போகும்போது, கை வேலையில் இருந்தாலும் வாய் சும்மாதானே இருக்கிறது, விடுகதை போடலாம், பாட்டுப் பாடலாம், இன்று மையத்தில் என்ன செய்தாய் என்று பையனைக் கேட்கலாம் என்று சொல்லலாம். இதில் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்க மாட்டேன். பீடி முறத்தின் பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்தால் புகையிலைத் தூளையும் சேர்த்துத்தான் சுவாசிக்கும். பிள்ளையைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் தள்ளி உட்காரவைப்பது, ஊட்டும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, தூங்கும் இடத்தில் தூளைக் கொட்டிவைக்காமல் இருப்பது, இவ்வளவுதான் ஓரறை வீட்டில் சாத்தியம். இதையும் முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். முதல் நாள் சொன்னால் அதுவும் ஓர் 'இனிமேலாவது' ஆகிவிடும்.

பணம் செலவழித்துத்தான் உதவ வேண்டும் என்று தோன்றினால், அந்தப் பணத்துக்குப் பதில் உங்கள் எழுத்தறிவையும் ஒரு மணி நேரத்தையும் செலவழியுங்கள். அவரிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? அது இருந்தால், பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போகும் ஆண்டிலிருந்தே கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. தொழிலாளர்களுக்கென்று உள்ள மருந்தகத்திலும் சிகிச்சை பெறலாம். 2023 செப்டம்பர் 15 முதல் கொடுக்கப்படும் மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிறதா? வரவில்லை என்றால், தகுதி இல்லாததாலா, விண்ணப்பத்தில் இருந்த பிழையாலா? அந்தத் தொகையின் பெயரிலேயே 'உரிமை' இருப்பதைக் கவனியுங்கள். உரிமையாக வரும் ஆயிரத்துக்காக யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் ஒதுங்க வேண்டியதில்லை. பையனின் எடையும் உயரமும் வயதுக்குக் குறைவாக இருந்தால், அவனைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பிக் கண்காணிப்பதும் உங்கள் பணியின் ஒரு பகுதியே. அதைச் சலுகையாகச் சொல்லாமல், ஊசி போடும் தேதியைச் சொல்வது போல இயல்பாகச் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தும் அவர் முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம். அப்படியானால் பாட்டி வழியாகப் போங்கள். மூன்று வாரத்துக்கு முன்புவரை அவர் கொண்டுவந்து விட்டார் என்பது அந்த வீட்டின் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை என்பதற்கு அடையாளம். போன இடத்தில் பிள்ளையின் உடம்பில் காயமோ, அவனை யாரோ துன்புறுத்தும் அறிகுறியோ கண்ணில் பட்டால் மட்டும் இந்தப் பொறுமையெல்லாம் பொருந்தாது. அப்போது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கத் தயங்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் ஊதியம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாததல்ல. ஒரு பையனுக்குச் சட்டை வாங்கினால் அடுத்த மாதம் இன்னொரு பையனின் கிழிசல் கண்ணில் படும். எல்லோருக்கும் வாங்க முடியாதபோது மனம் கசந்து, பிறகு அந்தக் கசப்பு தாய்மார்கள் மேலேயே திரும்பும். அன்று உங்கள் வாயில் 'இனிமேலாவது' வந்ததற்கு அந்தக் களைப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். உங்கள் வட்டாரக் கூட்டத்தில் பக்கத்து மையத்து ஆசிரியையோடு பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து, இந்த மாதம் மனத்தை அறுத்த பிள்ளை யார் என்று மாறி மாறிச் சொல்லிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை மட்டும் தாங்கிக்கொண்டு, தாங்க ஆளில்லாமல் இருப்பவர்களால் நெடுநாள் கனிவோடு இருக்க முடிவதில்லை.

அந்தச் சட்டையைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர் என்றாவது அதை மடித்துக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தால், வற்புறுத்தாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்குப் போட்டு அனுப்பினால் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்ல வேண்டாம். காலி நூல்கண்டுகளைக் கொண்டுவந்தால் மட்டும் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் அம்மாவையே ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்கச் சொல்லி வாங்குங்கள்.